சம்பளம் வெள்ளியில், வாடகை ரிங்கிட்டில்

"ரெண்டு வாரம்தானேம்மா, முடிஞ்சதும் வந்துடுவேன்."

2020 மார்ச் 17ஆம் தேதி இரவு, ஜோகூர் பாரு தம்போயில் எங்கள் வாடகை வீட்டு வாசலில் நின்று அம்மாவிடம் இப்படித்தான் சொன்னேன். தோளில் ஒரு பை, அதில் ஐந்து சட்டைகள். மறுநாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்குகிறது. அன்றிரவே பாலத்தைக் கடக்காவிட்டால் சிங்கப்பூரில் என் வேலை நிச்சயமில்லை.

நான் வானொலி அறிவிப்பாளன். காலை ஆறு மணி நிகழ்ச்சிக்காக, விடியற்காலை நான்கு மணிக்கெல்லாம் மோட்டார் சைக்கிளில் ஜோகூர் பாலம் ஏறிவிடுவேன். 1924இல் திறக்கப்பட்ட அந்தப் பாலத்தின் நீளம் ஒரு கிலோமீட்டருக்குச் சற்றே அதிகம். எங்கள் குடும்பக் கணக்கு முழுவதும் அந்த ஒரு கிலோமீட்டரை நம்பித்தான் இருந்தது. சம்பளம் சிங்கப்பூர் வெள்ளியில், வாடகை மலேசிய ரிங்கிட்டில்.

தாத்தா காலத்தில் இந்தக் கணக்குக்கே வேலை இருக்கவில்லை. 1967இல் இரு நாடுகளும் தனித்தனி நாணயம் வெளியிட்ட பிறகும், 1973 மே மாதம் வரை இரண்டும் ஒன்றுக்கு ஒன்று சரிசமமாகச் செல்லுபடியாகின. பிறகுதான் வழி பிரிந்தது. 2020இல் ஒரு சிங்கப்பூர் வெள்ளிக்கு மூன்று ரிங்கிட்டுக்குச் சற்று மேல் கிடைத்தது.

என் சம்பளம் அப்போது 2,500 வெள்ளி. மூன்று அறை வீட்டுக்கு வாடகை 1,400 ரிங்கிட், அதாவது ஏறக்குறைய 460 வெள்ளி. சம்பளத்தில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. "நாமதான் கெட்டிக்காரங்க" என்று நண்பர்களிடம் பெருமையடித்திருக்கிறேன்.

பாலம் மூடியதும் அந்தக் கெட்டிக்காரத்தனம் ஒரே மாதத்தில் கலைந்தது. சிங்கப்பூரில் தங்க ஓர் அறை தேவைப்பட்டது. கட்டிலும் ஒரு சின்ன அலமாரியும் கொண்ட அந்த அறைக்கு மாதம் 700 வெள்ளி. அதாவது, அம்மா இருக்கும் முழு வீட்டைவிட நான் படுக்கும் ஒற்றை அறைக்கு வாடகை அதிகம்! இரண்டும் சேர்ந்து சம்பளத்தில் பாதியை நெருங்கியது.

வீட்டைக் காலி செய்யலாமே என்பீர்கள். அம்மா எங்கே போவார்? அது போக, நான் கையெழுத்திட்டது இரண்டு ஆண்டு ஒப்பந்தம். இரண்டு மாத முன்பணம், தண்ணீர் மின்சாரத்துக்கு அரை மாதம், முதல் மாத வாடகை எனக் குடிபுகும்போதே 4,900 ரிங்கிட் கொடுத்திருந்தேன். நடுவில் விலகினால் முன்பணம் போய்விடும். ஒப்பந்தத்தில் எல்லை மூடல் பற்றி ஒரு வரிகூட இல்லை. யார்தான் நினைத்தோம்?

வீட்டுக்கார ஆன்ட்டியிடம் போனில் பேசினேன். ஆறு மாதத்துக்கு 200 ரிங்கிட் குறைத்துக்கொண்டார். அவருக்கும் வங்கிக் கடன் இருந்தது. அந்த 200 ரிங்கிட்டை நான் இன்றும் மறக்கவில்லை.

சிங்கப்பூர் வானொலி ஜோகூர் பாருவில் நன்றாகக் கேட்கும். தினமும் காலை ஆறு மணிக்கு என் குரல் கடல் தாண்டி அம்மாவின் சமையலறைக்குப் போனது. என்னால்தான் போக முடியவில்லை. "இன்னைக்குத் தொண்டை கட்டியிருக்கே, சுடுதண்ணி குடிச்சியாய்யா?" என்று நிகழ்ச்சி முடிந்ததும் அழைப்பார். இடையில் ஒரே ஒரு முறைதான், தனிமைப்படுத்தல் எல்லாம் முடித்து, வீட்டுக்குப் போய் வந்தேன். 2022 ஏப்ரல் 1ஆம் தேதி பாலம் முழுமையாகத் திறந்தபோது, இரண்டு வாரம் இரண்டு ஆண்டுகளாகியிருந்தது.

அடுத்த பாடம் நாணய மாற்றுக் கடையில் கிடைத்தது. 2024 தொடக்கத்தில் ஒரு வெள்ளி 3.50 ரிங்கிட்டைத் தாண்டியது. எங்களுக்குக் கொண்டாட்டம். வீட்டு வாடகைகளும் ஏறின. "உங்களுக்குத்தான் வெள்ளி ஏறிடுச்சே" என்பதே காரணம். ஜோகூரிலேயே வேலை செய்து ரிங்கிட்டில் சம்பளம் வாங்கும் என் பள்ளித் தோழனுக்கும் அதே வாடகைதான். அவனுக்கு என்ன ஏறியது? அவன் கேட்டபோது என்னிடம் பதில் இல்லை.

அதே ஆண்டு செப்டம்பரில் வெள்ளி 3.20 அருகே இறங்கியது. மாதம் 2,000 வெள்ளி மாற்றுகிறவருக்கு 600 ரிங்கிட் காணாமல் போனது. வாடகை மட்டும் இறங்கவில்லை.

இப்போது புக்கிட் சாகரையும் உட்லண்ட்ஸ் நார்த்தையும் இணைக்கும் ரயில் வருகிறது. நான்கு கிலோமீட்டர், ஐந்து நிமிடப் பயணம். அதை நம்பி ஜோகூரில் வீடு தேடும் இளைஞர்கள் என்னிடம் ஆலோசனை கேட்கிறார்கள். பட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

ஒப்பந்தம் ரிங்கிட்டில் இருக்கட்டும். கடைசியாக வீடு பார்த்தபோது ஒரு முகவர் வாடகையைச் சிங்கப்பூர் வெள்ளியில் கேட்டார். மறுத்துவிட்டேன். மலேசியவாசிகள் இருவருக்கிடையே உள்நாட்டுக் கொடுக்கல் வாங்கல் ரிங்கிட்டில்தான் என்பது பேங்க் நெகாராவின் பொது விதி.

விலகும் வழியை எழுத்தில் கேளுங்கள். வேலை போனாலோ எல்லை மூடினாலோ, இரண்டு மாத அறிவிப்புடன் முன்பணம் இழக்காமல் வெளியேறலாம் என்று ஒரு வரி போதும்.

முத்திரைத் தீர்வையைத் தவிர்க்காதீர்கள். அது செலுத்தப்படாத ஒப்பந்தத்தை நீதிமன்றம் சான்றாக ஏற்காது. முன்பணத் தகராறு வந்தால்தான் அதன் அருமை தெரியும்.

இன்றைய மாற்று விகிதத்தில் வாடகையை முடிவு செய்யாதீர்கள். வெள்ளிக்கு மூன்று ரிங்கிட்தான் கிடைக்கும் என்று கணக்குப் போடுங்கள். அதிலும் கட்டுப்படியாகும் வீடுதான் உங்கள் வீடு. மேலே கிடைப்பது சம்பளமல்ல, அதிர்ஷ்டம்.

இப்போது மூன்று மாத வாடகையை ரிங்கிட்டாகவே அம்மா பெயரில் ஒரு தனிக் கணக்கில் வைத்திருக்கிறேன். வெள்ளி எவ்வளவு ஏறினாலும் இறங்கினாலும் அதைத் தொடுவதில்லை. அம்மா அதற்கு ஒரு பெயர் வைத்திருக்கிறார்: "பாலம் மூடுனா காசு."