எக்ஸ்பி விர்ச்சுவல் மெஷின் ஓடலையா? டிசைன் எங்கயும் போகல!

இன்னைக்கு எபிசோடை ஆரணி பக்கத்துல இருக்கற சேவூர்ல இருந்து ஆரம்பிப்போம். பட்டுத்தறி ஊரு. ஜக்கார்டு தறியில ஒரு பார்டர் நெய்யணும்னா, முதல்ல டிசைனை கட்டம் கட்டமா வரையணும், அப்புறம் அட்டையில ஓட்டை போடணும். ஓட்டை இருக்கற இடத்துல பாவு நூல் மேல எழும்பும், இல்லாத இடத்துல அப்படியே நிக்கும். கட்டம் வரையற வேலை இப்போ கம்ப்யூட்டருக்கு வந்தாச்சு.

அப்படி ஒரு டிசைன் கடையை நினைச்சுக்கோங்க. சாஃப்ட்வேர் பழசு, விண்டோஸ் எக்ஸ்பில மட்டும்தான் ஓடும். எக்ஸ்பிக்கு மைக்ரோசாஃப்ட் சப்போர்ட் 2014 ஏப்ரல்லயே முடிஞ்சது. அதனால விர்ச்சுவல்பாக்ஸ்ல எக்ஸ்பியைப் போட்டு ஓட்டறாங்க. ஒருநாள் விர்ச்சுவல்பாக்ஸை அப்டேட் பண்றாங்க. மெஷின் கிளம்ப மாட்டேங்குது. முகூர்த்த சீசன், தறி காத்துக்கிட்டு நிக்குது. பல வருஷ டிசைன் போச்சா?

போகல. இங்க ரெண்டு தனித்தனி விஷயம் இருக்கு. மெஷினை ஓட்டறது ஒண்ணு, டிஸ்க்கைப் படிக்கறது இன்னொண்ணு. தறி நின்னுட்டா அட்டை அழிஞ்சிடாதுல்ல?

முதல்ல ஓட்டறது. 2019 டிசம்பர்ல வந்த விர்ச்சுவல்பாக்ஸ் 6.1-ல இருந்து, பிராசஸரோட ஹார்ட்வேர் விர்ச்சுவலைசேஷன் இல்லாம எந்த மெஷினும் ஓடாது. அதுக்கு முன்னாடி 32 பிட் எக்ஸ்பி அது இல்லாமலே ஓடும். இன்டெல்ல இதுக்குப் பேரு விடி-எக்ஸ், ஏஎம்டில ஏஎம்டி-வி.

உங்க கம்ப்யூட்டர்ல இருக்கான்னு எப்படிப் பார்க்கறது? விண்டோஸ் 10, 11-ல டாஸ்க் மேனேஜர், பெர்ஃபார்மன்ஸ், சிபியூ. கீழே ‘விர்ச்சுவலைசேஷன்’னு ஒரு வரி இருக்கும். உபுண்டுல ‘கேவிஎம்-ஓகே’ கமாண்ட் சொல்லிடும். ‘டிசேபிள்ட்’னு வந்தா உடனே புது கம்ப்யூட்டர் வாங்கக் கிளம்பாதீங்க. பயாஸுக்குள்ள போய் பாருங்க. இன்டெல் போர்டுல விர்ச்சுவலைசேஷன் டெக்னாலஜி, ஏஎம்டி போர்டுல எஸ்விஎம் மோட். பல நேரம் அது சும்மா ஆஃப்ல இருக்கும், அவ்ளோதான்.

பிராசஸர்லயே அந்த வசதி இல்லையா? அப்பவும் ஃபைலை எடுக்கலாம். விர்ச்சுவல் மெஷினோட டிஸ்க் வெறும் ஒரு ஃபைல்தான். விர்ச்சுவல்பாக்ஸ்ல விடிஐ, விஎம்வேர்ல விஎம்டிகே. அதைப் படிக்க விடி-எக்ஸ் தேவையே இல்லை. விண்டோஸ்ல 7-ஜிப்ல அந்த ஃபைலைத் திறங்க. பார்ட்டிஷன், அதுக்குள்ள ஃபோல்டர், அதுக்குள்ள உங்க டிசைன். வேணும்கறதை வெளிய இழுத்துக்கோங்க.

மூணு விஷயம் மட்டும் கவனம். ஒண்ணு, மெஷின் ஓடிட்டு இருக்கும்போது டிஸ்க் ஃபைலைத் தொடாதீங்க. ரெண்டு, முதல்ல முழு ஃபோல்டரையும் காப்பி எடுத்து, காப்பில வேலை பாருங்க. மூணு, ஸ்னாப்ஷாட் எடுத்திருந்தா அதுக்கப்புறம் செஞ்ச மாற்றம் எல்லாம் வேற ஃபைல்ல இருக்கும். மெயின் விடிஐயை மட்டும் திறந்தா பழைய டிசைன்தான் தெரியும். ‘புதுசைக் காணோமே’ன்னு பதறி எதையும் டிலீட் பண்ணிடாதீங்க.

இன்னும் ஒண்ணு. மெஷின் நல்லா ஓடற நாள்லயே டிசைன் ஃபைலை எல்லாம் வெளிய ஒரு காப்பி வச்சுடுங்க. அடுத்த எபிசோட்ல பார்ப்போம், டாட்டா!