ஏட்டைத் திறந்ததும் இயங்க வேண்டிய மேக்ரோ

நூல் இருப்பும் நெசவுக் கூலியும் இக்காலத்தில் பல சங்கங்களில் எக்ஸெல் ஏடுகளில் எழுதப்படுகின்றன. ஏட்டைத் திறந்த மாத்திரத்தில் புதிய கூலி விகிதம் தானாகவே நிரம்புமாறு அதனுள் ஒரு கட்டளைத் தொகுப்பை அமைப்பதுண்டு. அதுவே மேக்ரோ. அது இயங்காமற் போனாலும் ஏடு பல சமயம் நம்மை எச்சரிப்பதில்லை. பழைய விகிதத்தையே காட்டி நிற்கும். பட்டுவாடா நாளில் நெசவாளர் கைக்குக் குறைந்த கூலி சேரும். ஆகவே குறையைத் தேடும் முறையை நாம் அறிந்திருத்தல் அவசியம்.

முதலில் கோப்பின் வகையைப் பார்க்க வேண்டும். எக்ஸ்.எல்.எஸ்.எக்ஸ் என முடியும் கோப்பில் மேக்ரோ தங்காது, எக்ஸ்.எல்.எஸ்.எம் என முடிவதில் தங்கும். சேமிக்கும்போது தோன்றும் எச்சரிக்கையைப் படியாமல் ஒப்புக்கொண்டால் மேக்ரோ நீங்கிவிடும்.

இரண்டாவது, பாதுகாப்புத் தடை. 1999-ஆம் ஆண்டு மெலிசா என்னும் நச்சுநிரல், கடிதக் கோப்பைத் திறந்ததும் இயங்கும் மேக்ரோவாகவே பரவியது. இத்தகைய தீங்குகளை முன்னிட்டு, இணையத்திலிருந்து வந்த கோப்புகளின் மேக்ரோக்களை மைக்ரோசாப்ட் நிறுவனம் 2022 முதல் இயல்பாகவே தடுத்துவருகிறது. அனுப்பியவர் யார் என்பது உறுதியானால் மட்டும், கோப்பின் பிராப்பர்ட்டீஸ் பகுதியில் 'அன்பிளாக்' என்பதைக் குறியிடலாம். தொல்லை தீரட்டும் என்று எல்லா மேக்ரோக்களையும் அனுமதிப்பது, கள்ளனுக்குக் கதவைத் திறந்துவைப்பதாகும்.

மூன்றாவது, கட்டளை இருக்கும் இடம். 'ஒர்க்புக்_ஓபன்' என்னும் பெயருடையது 'திஸ்ஒர்க்புக்' பகுதியில் இருந்தாலன்றித் தானே இயங்காது. 'ஆட்டோ_ஓபன்' என்பதோ சாதாரண மாட்யூலில் இருத்தல் வேண்டும். பெயரில் ஓர் எழுத்துப் பிழையும் கூடாது.

நான்காவது, வேறொரு மேக்ரோ 'எனேபிள் ஈவன்ட்ஸ்' என்பதை நிறுத்திவிட்டு, மீண்டும் இயக்குமுன் பிழையால் நின்றிருக்கலாம். எக்ஸெலை முழுவதும் மூடித் திறந்தால் இது சரியாகும்.

இவையெல்லாம் சரியாயிருந்தும் விகிதம் மாறவில்லையெனில், மேக்ரோ பாதி வழியில் தவறியிருக்கக்கூடும். விகிதத் தாளின் பெயரை யாரேனும் மாற்றியிருந்தால் அது தேடும் தாள் கிட்டாது. 'ஆன் எரர் ரெஸ்யூம் நெக்ஸ்ட்' என்னும் வரி இருப்பின் அப்பிழையும் மறைந்துபோகும். அவ்வரியைத் தற்காலிகமாக நீக்கி, ஆல்ட், எஃப் 11 விசைகளைச் சேர்த்து அழுத்திக் கட்டளையைத் திறந்து, எஃப் 8 விசையால் வரிவரியாக இயக்கினால் தவறிய வரி புலப்படும்.

இதற்கெல்லாம் மேலாக ஒரு யோசனை கூறுவோம். விகிதம் நிரம்பியதைச் சரிபார்த்த பின்னரே அன்றைய தேதியை ஒரு கட்டத்தில் எழுதுமாறு மேக்ரோவின் இறுதியில் அமைத்துவிடுங்கள். அத்தேதியைப் பாராமல் கூலிப் பட்டியலில் கையொப்பம் இடுவதில்லை என்று நிர்வாகிகள் உறுதி கொள்வார்களாக.