வாயில் மணிப் பொத்தான்

"தக்க கருவிகள் இருந்தால் நாமும் செய்து காட்டுவோமே!" மின்னியலில் ஆசை கொண்ட மாணவர் பலர் நம்மிடம் இவ்வாறு முறையிடுவதுண்டு. அவர்களுக்கு நாம் கூறும் விடை, 1964ஆம் ஆண்டில் அமெரிக்காவில் நிகழ்ந்த ஒரு சிறு நிகழ்ச்சியாகும்.

நியூயோர்க் மாநிலத்துச் சிற்றூர் ஒன்றில், ரொபேட் மோக் என்பவரும் ஹேர்பேட் டொய்ச் என்னும் இசையமைப்பாளரும் சேர்ந்து, சிந்தசைசர் என்ற மின்னிசைக் கருவியை உருவாக்க முனைந்திருந்தனர். சுருதியை ஏற்றவும் இறக்கவும் அவர்களால் முடிந்தது. ஆயினும், ஒலி பிறந்து வளர்ந்து அடங்கும் அழகு அதில் இல்லை. வீணையின் நரம்பை மீட்டினால் ஒலி சட்டென எழுந்து மெல்லத் தேய்கின்றது. குழலிலோ ஊதும் வரை நிலைக்கின்றது. இந்த வேறுபாட்டை மின்சாரத்துக்கு எவ்வாறு கற்பிப்பது? மோக், அருகிலிருந்த இரும்புக் கடையில் வாயில் மணிப் பொத்தான் ஒன்றை வாங்கிவரும்படி டொய்ச்சை அனுப்பினார். அதனை அழுத்த ஒலி எழுந்தது, விட அடங்கிற்று. சிறு துரும்பும் பல் குத்த உதவும் என்பது பொய்யாகுமா?

இதைக் கேட்ட நம் மாணவன் ஒருவன் சென்ற விடுமுறையில் ஓர் ஒலிக் கருவி செய்யத் தொடங்கினான். 40106 என்னும் எண்ணுடைய சிறு 'ஐ.சி.' ஒன்றில் ஆறு ஒலியெழுப்பிகளை அமைக்கலாம். ஒவ்வொன்றுக்கும் ஒரு தடையியும் ஒரு கொள்ளளவியும் போதும். தடையைக் குறைத்தால் சுருதி உயரும். ஆனால், சேர்த்து வைத்த பணத்தில் வாங்கிய ஐ.சி. இரண்டும் ஈயம் பற்றவைக்கையிற் சூடேறிக் கெட்டன. "இது எனக்கு வராது, சேர்" என்று வாடிய முகத்தோடு வந்து நின்றான்.

குறை அவனிடம் இல்லை. பற்றவைக்கும் கோலுக்கு ஒரு கை, ஈயத்துக்கு ஒரு கை, பலகைக்கு ஒன்று, உறுப்புக்கு ஒன்று என நான்கு கைகள் வேண்டிய வேலை அது. எனவே, உடுப்புக் காயப்போடும் மரக் கவ்விகள் இரண்டினை ஒரு பலகைத் துண்டில் ஒட்டினோம். மூன்றாம் கையும் நான்காம் கையும் கிடைத்தன. குறட்டின் பிடிகளில் இறப்பர் வளையத்தைச் சுற்றினோம். அது தானே கவ்வி நின்று, உறுப்பின் காலில் ஏறும் சூட்டையும் வாங்கிக்கொண்டது. ஐ.சி.யை நேரே பற்றவையாது, 14 துளைத் தாங்கியை முதலிற் பற்றவைத்து, ஆறிய பின் அதிற் செருகினோம். முட்டை அடுக்கும் அட்டைத் தட்டு, தடையிகளை வகை பிரித்து வைக்கும் பெட்டியாயிற்று.

எனினும், எல்லாவற்றிலும் சிக்கனம் செல்லாது. சூடான கோலை வைக்க உலோகத் தாங்கியே வேண்டும். வீட்டு மின்சாரத்தைத் தொடாது, 9 வோல்ட் பற்றரியைக் கொண்டே தொடங்குதல் நன்று. புகை வெளியேறச் சன்னலைத் திறந்து வைத்தலும், ஈயத்தைத் தொட்ட கையைக் கழுவிய பின்னரே உண்ணுதலும் பெற்றோர் கவனிக்க வேண்டியவை.

மூன்றாவது ஐ.சி. கெடவில்லை. முதலில் எழுந்த ஒலி வண்டின் இரைச்சல் போன்றதே. அவன் முகத்திலோ நாதசுரக் கச்சேரி கேட்ட மகிழ்ச்சி! மறுவாரம் அவன் நம் வீட்டுக்கு வந்து கேட்டது ஒன்றே:

"சேர், பழைய வாயில் மணிப் பொத்தான் ஏதேனும் இருக்கிறதா?"