அச்சும் ஊசியும் – 6: தடை போட்டவர்கள் பெரியவர்கள்

அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தின் மாணவர்கள் கிராமங்களுக்குப் போய், கைவினைஞர்களோடு தங்கி, அவர்கள் தொழிலை ஆவணமாக்குவதைச் சென்ற வாரம் பார்த்தோம். நல்ல வேலைதான். ஆனால் அந்த ஆவணத்தில் கைவினைஞரின் படம் இருக்கும், அட்டையில் அவர் பெயர் இருக்காது. வடிவமைப்பாளர் பட்டம் பட்டணத்துப் பிள்ளைக்கு, கூலி கிராமத்துக்கு.

கட்ச்சில் இதைத் திருப்பிப் போட்டார்கள். ரபாரி இடையர்களின் எம்பிராய்டரியை ஆராய வந்த அமெரிக்கர் ஜூடி ஃப்ரேட்டர், 2005-இல் கலா ரக்ஷா வித்யாலயாவைத் தொடங்கினார். பரம்பரைத் தொழில் தெரிந்தவர்களுக்கான வடிவமைப்புப் பள்ளி அது. பட்டறையையும் அடுப்படியையும் விட்டுவிட்டு வருடக்கணக்கில் உட்கார யாரால் முடியும்? அதனால் ஒரு வருடத்தில் ஆறு வகுப்புகள், ஒவ்வொன்றும் இரண்டு வாரம். நடுவில் ஊருக்குப் போய் வீட்டுப்பாடம். ஆண்களுக்குத் தனி வகுப்பு, பெண்களுக்குத் தனி. கடைசியில் நடுவர்கள் முன் சொந்தத் தொகுப்பை வைக்க வேண்டும். 2014 முதல் ஆதிப்பூரில் சோமையா கலா வித்யாவும் இதே வழியில் நடக்கிறது.

அஜ்ரக் துணி அச்சிடும் கத்ரி சமூகத்து வீட்டுப் பையனுக்கு அந்த வீட்டுப்பாடம் லேசுப்பட்டதல்ல. துணியைக் கடுக்காய் நீரில் தோய்த்து, சுண்ணாம்பும் கோந்தும் குழைத்து வெள்ளைக் கோடுகளைக் காபந்து பண்ணி, துருப்பிடித்த இரும்பை வெல்லத்தோடு புளிக்கவைத்துக் கறுப்பு எடுத்து, நீலத் தொட்டியில் முக்கி எடுக்கும்வரை எல்லாம் அப்பாவின் கைப்பக்குவம். துணி நிறைய அச்சு விழ வேண்டும் என்பது வீட்டுப் பழக்கம். மகன் பாதித் துணியை வெறுமனே விட்டால், அப்பா கண்ணுக்கு அது முடியாத வேலை.

அந்த அப்பாக்களின் பழமையும் தானாக வந்து சேர்ந்ததில்லை. ரசாயனச் சாயம் புகுந்துவிட்ட காலத்தில் தமட்கா கிராமத்தின் முகமது சித்திக் கத்ரிதான் இயற்கைச் சாயத்துக்குத் திரும்பி, மகன்களுக்கும் கற்றுக்கொடுத்தார். 2001 நிலநடுக்கத்துக்குப் பிறகு தமட்கா தண்ணீரில் இரும்புச்சத்து ஏறி, சாயம் சரியாகப் பிடிக்கவில்லை. பல குடும்பங்கள் புஜ் அருகே அஜ்ரக்பூர் என்று புது ஊரே கட்டிக்கொண்டன.

ரபாரி பெண்களின் கதை இன்னும் விசித்திரம். இளசுகள்தான் மரபைக் கைவிடும் என்று நாம் சொல்லிப் பழகிவிட்டோம். இங்கே 1995-இல் தேபரியா என்ற ரபாரிப் பிரிவின் பெரியவர்களே, சமூகத்துக்குள் யாரும் எம்பிராய்டரி அணியக் கூடாது என்று தடை போட்டார்கள். சீருக்கான துணிகளைத் தைத்து முடிக்கவே வருடங்கள் ஓடி, கல்யாணங்கள் தள்ளிப்போயின என்பது காரணம். எனக்கு அந்தக் காரணம் நியாயமாகவே படுகிறது. பெண்கள் மில் லேஸையும் ரிப்பனையும் மிஷினில் வைத்துத் தைத்து, ‘ஹரி ஜரி’ என்று புது அலங்காரமே உண்டாக்கினார்கள். தடைக்குப் பிறகு பிறந்த ஒரு பெண் தன் அடையாளத்தை வைத்துத் தொகுப்பு செய்ய உட்கார்ந்தால் எதை எடுப்பாள்? பாட்டியின் பெட்டியில் கிடக்கும் கண்ணாடி வில்லைத் தையலையா, அம்மாவின் ரிப்பனையா? ரிப்பனை மட்டம் தட்டுகிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. அதுவும் அந்த வீட்டுப் பெண்கள் கண்டுபிடித்ததுதானே.

பள்ளி ஒரு சிக்கலையும் கூடவே கொண்டுவந்தது. பழைய அச்சுகளின் வடிவங்கள் சமூகத்துக்கே பொது. பக்கத்துப் பட்டறைக்காரர் அதே பூவை அச்சிட்டால் யாரும் கேள்வி கேட்டதில்லை. படித்துவிட்டு வந்த மகனோ, ‘இது என் டிசைன்’ என்கிறான். அண்ணன் தம்பிக்குள்ளேயே இது எங்கே போய் நிற்கும் என்பதை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)