தன் பெயரில் ஒரு வங்கிக் கணக்கு

படிவம் ஐந்து மாணவர்களே, ‘பெண்களின் பொருளாதார முன்னேற்றம்’ என்று தலைப்பு வந்தால், “பணம் இருந்தால் மனநிம்மதி வரும்” என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறீர்கள். எப்படி வரும்? அதைத்தானே விளக்கவேண்டும்!

உகாண்டாவின் தெற்கே மசாகா வட்டாரத்தைப் பாருங்கள். எய்ட்ஸ் நோய்க்குப் பெற்றோரைப் பறிகொடுத்த பிள்ளைகள் பலர் பாட்டி வீட்டில் வளர்கிறார்கள். கட்டணம் கட்டாவிட்டால் பள்ளியிலிருந்து வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். பதினைந்து வயதுப் பெண்ணுக்கு எவ்வளவு அவமானம்! ‘அடுத்த தவணை படிப்பேனா, கல்யாணம் பண்ணிக் கொடுத்துடுவாங்களா’ என்ற பயம் வேறு. ஓயாத இந்தக் கவலைதான் மனச்சோர்வாக முற்றுகிறது.

உகாண்டாவில் பிறந்த பேராசிரியர் ஃபிரெட் செவமாலா குழுவினரின் திட்டத்துக்கு ‘சூபி’ என்று பெயர். லுகாண்டா மொழியில் ‘நம்பிக்கை’. பிள்ளையின் பெயரில் வங்கிக் கணக்கு தொடங்குவார்கள். குடும்பம் சேமித்தால் திட்டமும் தன் பங்கைச் சேர்க்கும். பணத்தைப் படிப்புக்கோ சிறுதொழிலுக்கோ எடுக்கலாம். இதில் சேர்ந்த பிள்ளைகளிடம் மனச்சோர்வு குறைந்ததாக 2012இல் வெளிவந்த ஆய்வு காட்டியது.

சேமிப்பு என்னவோ சிறுதொகைதான். ஆனால் ‘அடுத்த வருஷம் என்ன படிக்கலாம்’ என்று யோசிக்க மனசில் இடம் கிடைக்கிறது.

அதற்காகப் பணமே மருந்து என்று எழுதிவிடாதீர்கள். துக்கத்தைப் பேச ஆள் வேண்டாமா? பிறகு பெண்களுக்கென்றே வந்த ‘சூபி4ஹெர்’ திட்டத்தில், பல குடும்பங்கள் ஒன்றுகூடிப் பேசும் அமர்வுகளும் உண்டு.

ஆசிரியர்களே, வெண்பலகையில் ‘கட்டணம் – அவமானம் – பயம் – மனச்சோர்வு’ என்று எழுதி, சேமிப்பு எந்த இடத்தில் இந்தச் சங்கிலியை அறுக்கிறது என்று கேளுங்கள். என் வகுப்பில் பலரும் ‘கட்டணம்’ என்றார்கள். ஒரு மாணவி மட்டும் ‘பயம்’ என்றாள்.