சிறுவாடும் சங்கக் கணக்கும்

அரிசிப் பானைக்குள் ஐந்தும் பத்துமாக நம் அன்னையர் ஒளித்து வைக்கும் சிறுவாட்டுப் பணத்தை அறியாதவர் நம்மில் யார்? தனித்துக் கிடந்தால் அது ஒரு நாள் மருந்துச் செலவிலேயே கரைந்துவிடும். பலருடைய சிறுவாடு ஒன்று சேர்ந்தால்? அதற்கு விடையே மகளிர் சுய உதவிக் குழு.

தமிழக அரசு 1989-ஆம் ஆண்டு தருமபுரி மாவட்டத்தில் இக்குழுக்களைத் தொடங்கியது. 1992-இல் நபார்டு வங்கி 500 குழுக்களை வங்கிகளோடு இணைக்கும் சோதனைத் திட்டத்தை வகுத்தது. இன்று நம் அகரம், தாடிக்கொம்புப் பகுதி உட்பட மாநிலம் எங்கும் இவை பரவியுள்ளன.

ஒரு குழுவின் வரவு செலவு எப்படி வளர்கிறது? 15 உறுப்பினர்கள் மாதம் 100 ரூபாய் செலுத்துவதாகக் கொள்வோம். மாதம் 1,500, ஆண்டுக்கு 18,000 ரூபாய். இப்பணம் பெட்டியில் உறங்குவதில்லை. உறுப்பினருக்கே கடனாகச் சுழல்கிறது. ஒருவர் 6,000 ரூபாய் பெற்று, மாதம் 1,000 வீதம் ஆறு மாதத்தில் அடைக்கிறார். நூற்றுக்கு மாதம் ஒரு ரூபாய் வட்டியானால், மொத்த வட்டி 210 ரூபாய். அதே கடனுக்கு நூற்றுக்குப் பத்து ரூபாய் கேட்கும் கந்துவட்டிக்காரரிடம் 2,100 ரூபாய் அழ வேண்டும்! கந்துவட்டியை 2003-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்திருக்கிறது. மேலும், அந்த 210 ரூபாய் வெளியே போவதில்லை; குழுவின் பொது நிதியில் சேர்ந்து, அடுத்தவருக்குக் கடனாகிறது.

ஆறு மாதம் ஒழுங்காக நடந்த குழுவுக்கு வங்கியும் கடன் தரும். சேமிப்பைப் போல நான்கு மடங்கு வரை அது கிடைக்கக்கூடும்.

ஆனால் ஒன்றை மறக்கலாகாது. 6,000 ரூபாய்க் கடன் ஒன்று திரும்பாவிட்டால், 15 பேரும் நான்கு மாதம் வாயைக் கட்டிச் சேர்த்தது அத்தனையும் போயிற்று! ஆகவேதான் தீர்மான நோட்டு, ரொக்கப் புத்தகம், சேமிப்பு, கடன் பேரேடுகள், உறுப்பினர் கையிலுள்ள பாஸ் புத்தகம் எனப் பல ஏடுகள் எழுதப்படுகின்றன. ஊக்குநர் ஒருவருக்கு மட்டுமே கணக்குப் புரிந்தால், அவர் நல்லவரே ஆயினும், தவறு நேர்ந்தால் கண்டுபிடிப்பார் யார்? குழுக்கள் பணம் குறைவதால் மட்டும் சிதைவதில்லை. கணக்குப் புரியாமல் ஐயம் புகுவதாலும் சிதைகின்றன.

தோழியரே, கூட்டலும் கழித்தலும் வட்டிக் கணக்கும் தேர்வுக்கு மட்டுமா? இன்று மாலை அன்னையின் பாஸ் புத்தகத்தை வாங்கி, ஒரு வரி விடாமல் அவருக்குப் படித்துக் காட்டுங்கள். "சிறுகக் கட்டிப் பெருக வாழ்" என்பர் பெரியோர். கட்டியதைக் காப்பது கணக்கே!