விரெனெலி தங்க நாணயம்

விரெனெலி என்பது சுவிட்சர்லாந்தின் 20 பிராங்கு தங்க நாணயத்துக்கு மக்களிடையே வழங்கும் பெயராகும். வெரேனா என்னும் பெண் பெயரின் செல்ல வடிவம் இது. 1897 முதல் பெர்ன் நகர நாணயச்சாலையில் இந்நாணயம் அச்சிடப்பட்டது.

இதன் முகப்பில், ஆல்ப்சு மலைகளின் பின்னணியில் சடை பின்னிய பெண்ணின் தலை காணப்படுகிறது. இதை வடிவமைத்தவர் பிரிட்சு உலிசு லாண்ட்ரி. முதல் வடிவத்தில் பெண்ணின் நெற்றியில் விழுந்த முடிக்கற்றை நாட்டின் சின்னத்துக்குப் பொருந்தாது எனக் கருதப்பட்டு நீக்கப்பட்டது.

பிரான்சு, பெல்சியம், இத்தாலி, சுவிட்சர்லாந்து ஆகியவை 1865இல் இலத்தீன் நாணய ஒன்றியத்தை அமைத்தன. அதன் அளவுப்படியே விரெனெலி 6.45 கிராம் எடை கொண்டது. அதில் 90 விழுக்காடு, அதாவது சுமார் 5.8 கிராம், தூய தங்கம், எஞ்சியது செம்பு. பிரான்சின் 20 பிராங்கு தங்க நாணயமும் இதே அளவுடையது.

1936இல் சுவிசு பிராங்கின் மதிப்பு சுமார் 30 விழுக்காடு குறைக்கப்பட்டது. இதனால் நாணயத்திலுள்ள தங்கத்தின் விலை, அதில் பொறித்த 20 பிராங்கை விஞ்சியது. எனவே அதைப் பணமாகச் செலவிடுவது இழப்பாயிற்று. 1945–1947 காலத்தில் அச்சிட்டவற்றில் 1935 என்ற பழைய ஆண்டே பொறிக்கப்பட்டது. தங்கக்கட்டி எனப் பொருள்படும் பிரெஞ்சுச் சொல்லின் முதலெழுத்தான 'எல்' அதனுடன் சேர்க்கப்பட்டது. 1949க்குப் பின் விரெனெலி அச்சிடப்படவில்லை. இன்று அது சேமிப்பாகவும் சேகரிப்பாகவும் வாங்கப்படுகிறது.